மாதிரியைப் பார்த்து மாதிரி செய்யலாமா?



இலக்கணம், கட்டுரைப் பயிற்சி, தமிழ்ப்பள்ளி நடப்பு ஆகியவற்றைப் பற்றியே இங்கு வழக்கமாக எழுதி வருகிறேன். இன்று சற்று விலகி, என் பொழுதுபோக்கைப் பற்றி எழுத விரும்புகிறேன். நெகிழித் துண்டுகளை ஒட்டி, வண்ணம் பூசி, போர் விமானங்களின் சிற்றுருவ மாதிரிகளைச் செய்வது என் பல்லாண்டுப் பழக்கம். "ஆசிரியருக்கு இது தேவையா?" என்று கேட்கத் தோன்றும். பொறுமையுடன் படியுங்கள். பேச்சு இறுதியில் நம் வகுப்பறைக்கே வந்து சேரும்.

எங்கள் பள்ளியில் புறப்பாட நேரத்தில் பத்துப் பன்னிரண்டு மாணவர்களுக்கு மாதிரி செய்யக் கற்றுத் தருகிறேன். சில வாரங்களுக்கு முன் ஆண்டு 5 மாணவன் ஒருவன் தான் வீட்டில் செய்து முடித்த விமானத்தைக் கொண்டு வந்தான். நம் அரச மலேசிய வான்படை 1997இல் பெற்ற எஃப்/ஏ-18டி ஹார்னெட், 1/72 அளவு. ஒட்டிய இடம் தெரியாத அளவுக்குத் தேய்த்திருந்தான். சக்கரங்கள் நேராக நின்றன. பதினொரு வயதுப் பிள்ளைக்கு அது பெரிய வேலை. ஆனால் மூக்கு முதல் வால்வரை கறுப்பும் பழுப்புமாக ஒரே அழுக்கு. பலகைக்குப் பலகை தடித்த கறுப்புக் கோடு. இறக்கையெங்கும் துரு நிறம்.

"ஏன் தம்பி இவ்வளவு அழுக்கு?" என்று கேட்டேன்.

"அப்பத்தான் ஐயா உண்மையான விமானம் மாதிரி இருக்கும்."

"உண்மையான விமானத்தைப் பார்த்திருக்கிறாயா?"

அவன் கூரையைக் காட்டினான். எங்கள் பள்ளி பட்டர்வொர்த் வான்படைத் தளத்திற்கு அருகில் உள்ளது. ஹார்னெட் தலைக்கு மேல் போனால் பாடத்தை அரை நிமிடம் நிறுத்திவைப்பது எங்களுக்குப் பழகிப்போன ஒன்று.

"அதில் இப்படித் துரு தெரிகிறதா?"

அவன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "யூடியூப்ல எல்லாரும் இப்படித்தான் ஐயா செய்யுறாங்க" என்றான்.

அவனை நான் கடிந்துகொள்ளவில்லை. அதற்குரிய தகுதி எனக்கு இல்லை. ஏன் என்பதைச் சொல்கிறேன்.

அப்பா கழுவிய விமானம்

ஆஸ்திரேலிய வான்படையின் மிராஜ் விமானங்கள் 1967ஆம் ஆண்டு முதல் 1988ஆம் ஆண்டுவரை பட்டர்வொர்த்தில் இருந்தன. முதலில் 75ஆம் படைப்பிரிவு, 1969இல் 3ஆம் படைப்பிரிவு. பின்புற வால்சிறகு இல்லாத, முக்கோண இறக்கை கொண்ட விமானம் அது. பிரான்சு நாட்டின் தசோ நிறுவனம் வடிவமைத்தது. ஆஸ்திரேலியா உரிமம் பெற்றுத் தன் நாட்டிலேயே செய்துகொண்டது. ஒலியைப் போல் இருமடங்கு வேகத்தில் பறக்கவல்லது.

என் அப்பா அந்தத் தளத்தில் உள்ளூர்ப் பணியாளராக இருந்தார். விமானங்களைக் கழுவும் குழுவில் வேலை. சவர்க்கார நீர், நீண்ட பிடி வைத்த தூரிகை, துணி. தளம் கடலோரத்தில் உள்ளது. உப்புக் காற்று அலுமினியத்தை அரித்துவிடும். எனவே, கடலோரத் தளங்களில் கழுவுவது அழகுக்காகச் செய்யும் வேலையன்று. விமானத்தைக் காக்கும் வேலை. அப்பா இதைப் படித்து அறிந்தவரல்லர். "உப்பு உக்காந்தா இரும்பையே தின்னுடும்டா, இது அலுமினியம்" என்பார். தொடக்கத்தில் வந்த மிராஜ் விமானங்கள் வெள்ளி நிறம். மழை விட்டு வெயில் அடித்தால் கண் கூசும் என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

2009இல் நான் 1/48 அளவில் ஒரு வெள்ளி மிராஜ் செய்தேன். அப்பாவுக்குக் காட்டுவதற்கென்றே செய்தேன். அப்போது நான் இணையத்தில் கண்ட மாதிரிகளின் மயக்கத்தில் இருந்தேன். வெளிநாட்டு வல்லுநர்களின் வேலையைப் பார்த்து, பலகைக் கோடுகள் அனைத்திலும் கறுப்பு எண்ணெய் வண்ணத்தை ஓடவிட்டேன். இறக்கையின் மேல் பழுப்புக் கறை, வயிற்றில் எண்ணெய் ஒழுகல், வண்ணம் உரிந்த புள்ளிகள். கற்ற வித்தை முழுவதையும் அந்த ஒரே விமானத்தின்மேல் கொட்டினேன். நண்பர்கள் பாராட்டினார்கள்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். முதலில், "கங்காரு பின்னால போகுதேடா" என்றார். உண்மைதான். ஆஸ்திரேலிய வான்படைச் சின்னத்தில் உள்ள சிவப்புக் கங்காரு, விமானத்தின் எந்தப் பக்கத்தில் இருந்தாலும் முன்னோக்கித்தான் பார்க்க வேண்டும். நான் ஒரு பக்கத்தில் மாற்றி ஒட்டியிருந்தேன். சிரித்தோம். பிறகு இறக்கையை விரலால் தடவிப் பார்த்து, "இத ஏன்டா ஒருத்தரும் கழுவல?" என்று கேட்டார்.

அவர் குறை சொல்லவில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டார். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. "இப்படிச் செய்தால்தான் உண்மைபோல் இருக்கும்" என்று, அந்த விமானத்தைத் தம் கையால் கழுவியவரிடம் எப்படிச் சொல்வது? அவர் மாதிரியைக் கவனமாக மேசையில் வைத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

2012இல் அப்பா காலமானார். சரியான மிராஜை நான் 2016இல்தான் செய்து முடித்தேன். அதை அவர் பார்க்கவில்லை.

ஒரு மில்லிமீட்டரின் கணக்கு

இரண்டாம் முறை நான் மாதிரிகளின் படங்களைத் திறக்கவே இல்லை. விமானத்தின் படங்களை மட்டும் பார்த்தேன். ஹாங்காங்கைச் சேர்ந்த கைனெட்டிக் நிறுவனத்தின் 1/48 பெட்டியை வாங்கினேன். மிராஜின் நீளம் 15 மீட்டருக்குச் சற்று அதிகம். மாதிரியில் அது ஏறத்தாழ 31 சென்டிமீட்டர். ஆசிரியர்களின் நீள அடிக்கோலைவிட ஒரு சென்டிமீட்டர்தான் கூடுதல்.

இங்கேதான் ஒரு கணக்கு இருக்கிறது. என் மாணவர்களுக்கு நான் முதலில் கற்பிப்பது வண்ணம் பூசுவதையன்று, இந்தக் கணக்கைத்தான். மாதிரியின் பலகைக் கோடு 0.2 மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். அதை 48ஆல் பெருக்கினால் 9.6 மில்லிமீட்டர். அதாவது, கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. விரல் நுழையும் இடைவெளிகள் உடலெங்கும் உள்ள விமானம் ஒலியைவிட வேகமாகப் பறக்குமா? அந்தக் கோட்டில் கறுப்பு வண்ணத்தையும் ஓடவிட்டால், இல்லாத பள்ளத்தை நாமே தோண்டிக் காட்டுகிறோம். வண்ணம் உரிந்ததாக ஒரு மில்லிமீட்டர் புள்ளி வைத்தால், உண்மையில் அது ஐந்து சென்டிமீட்டர் காயம். அப்படிப்பட்ட காயங்கள் நாற்பது இருந்தால், அந்த விமானத்தைப் பறக்க விடுவார்களா, பணிமனைக்கு அனுப்புவார்களா?

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு, என் கை தானாகவே அடங்கிவிட்டது.

வெள்ளி நிறம் பூசுவது எளிதன்று. மற்ற நிறங்கள் சிறு கீறலை மறைக்கும். வெள்ளி அதை ஊருக்கே அறிவிக்கும். உடலை நீர்த்தாளில் தேய்த்து, இன்னும் மெல்லிய தாளில் தேய்த்து, கடைசியில் பற்பசையால்கூட மெருகேற்றினேன். அதன்மேல் பளபளப்பான கறுப்பு. அது நன்றாகக் காய்ந்த பிறகு, ஆல்கிளாட் எனப்படும் உலோக வண்ணத்தை ஏர்பிரஷால் மெல்லிய படலங்களாகத் தூவினேன். கறுப்பு எந்த அளவுக்குப் பளபளக்கிறதோ, அந்த அளவுக்குத்தான் வெள்ளி ஒளிரும். நம் நாட்டில் இதற்கு இன்னோர் எதிரி உண்டு: ஈரக் காற்று. மழை வரும் பொழுதில் லேக்கர் வண்ணத்தைத் தூவினால், மேற்பரப்பு வெளுத்துப் பூத்துவிடும். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாவற்றையும் ஆயத்தமாக வைத்துவிட்டு, வானத்தைப் பார்த்தபடி தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

நுண்பகுதிகளில் எனக்குக் கிடைத்த இன்பத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஆபத்தில் விமானியை வெளியே எறியும் மார்ட்டின்-பேக்கர் இருக்கைக்கு, ஒட்டுத்தாளை மெல்லிய கீற்றாக வெட்டி வார்ப்பட்டைகள் செய்தேன். அதன் தலைமாட்டில் இழுக்கும் பிடிக்குக் கறுப்பு மஞ்சள் வரிகள் வரைந்தேன். சக்கரத் தண்டுகளில் செப்புக் கம்பியால் நிறுத்துக்குழாய் அமைத்தேன். மூக்கின் முனையில் நீண்டிருக்கும் காற்றழுத்தம் அளக்கும் குழாய்க்கு, ஊசி மருந்து போடும் ஊசி உதவியது. காற்று உள்ளே போகும் வாய்களில் பாதிக் கூம்பு ஒன்று இருக்கும். வேகத்திற்கு ஏற்ப அது முன்னும் பின்னும் நகரும். பிரெஞ்சுக்காரர்கள் அதற்குச் 'சுண்டெலி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இதைச் சொன்னால் மாணவர்கள் எல்லாரும் எலியைத் தேடிக்கொண்டு வருவார்கள்.

அழுக்குக்கும் காரணம் வேண்டும்

அப்படியென்றால் மாதிரி புத்தம் புதிதாக மின்ன வேண்டுமா? அதுவும் என் கருத்தன்று. பறந்த விமானத்தில் பறந்ததற்கான தடயம் இருக்கவே செய்யும். நான் கேட்பது ஒன்றே: இந்தக் கறை ஏன் இங்கே வந்தது என்று உன்னால் சொல்ல முடியுமா?

பொறிவாயைச் சுற்றியுள்ள உலோகம் சூட்டினால் நிறம் மாறும். எஃகு சூடேறும்போது முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு ஊதா, நீலம் என்று நிறம் கொள்ளும். எந்தத் தூரிகையாலும் அதைக் கழுவிப் போக்க முடியாது. அதனால் அதைக் காட்டலாம். பீரங்கி வாயின் பின்புறம் புகைக்கரி படியும். அதைக் காட்டலாம், ஆனால் சுட்டுவிட்டு வந்த நாளாக இருக்க வேண்டும். வயிற்றுப் பகுதியில் நீர்மம் கசிந்தால், பறக்கும்போது காற்று அதைப் பின்னோக்கி இழுக்கும். எனவே அந்தக் கறை முன்னிருந்து பின்னாகத்தான் நீள வேண்டும். பல மாதிரிகளில் அது நேர்கீழாக ஒழுகுகிறது. சுவரில் மழைநீர் வழிவதைப் போல! பணியாளர் ஏறி நடக்கும் இறக்கை அடிப்பகுதியில் மங்கல் இருக்கும். சக்கரத்தில் தார்ப்பாதையின் தூசி இருக்கும்.

துருவைப் பொறுத்தவரை ஒரே சொல்தான். அலுமினியம் பழுப்பாகத் துருப்பிடிப்பதில்லை. அரித்தால் வெண்பொடியாகப் பூக்கும். ஆண்டு 5 அறிவியல் ஆர்வலர்கள்கூட இதைச் சொல்லிவிடுவார்கள்.

மாறாக, உண்மையிலேயே அழுக்கான விமானங்களும் உண்டு. அமெரிக்கக் கடற்படையின் வானூர்தித் தாங்கிக் கப்பல்களில் மாதக்கணக்கில் கடலில் இருக்கும் விமானங்களைப் பாருங்கள். உப்பு அரித்த இடங்களில் திட்டுத் திட்டாக வேறு சாம்பல் நிறம் பூசியிருப்பார்கள். அந்த விமானத்தைச் சுத்தமாகச் செய்து வைத்தால், அதுவும் பொய்தான். அங்கே அந்தத் திட்டுகளும் ஒரு பணியாளரின் உழைப்பு. ஆகவே என் வழக்கு அழுக்குக்கு எதிரானதன்று. பார்க்காமல் பூசும் அழுக்குக்கு எதிரானது.

மறுபக்கமும் உண்டு

இதை மறுப்பவர்களின் கருத்தையும் நேர்மையாக எடுத்துரைக்க வேண்டும். "சிறிய பொருளின்மேல் விழும் ஒளி, பெரிய பொருளின்மேல் விழும் ஒளியைப் போல் நிழல் தருவதில்லை. சற்று மிகைப்படுத்தினால்தான் உருவம் எடுபடும். இது ஓவியம், அளவுப் படமன்று" என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. எந்த நிழலும் இல்லாமல் ஒரே வண்ணத்தைப் பூசினால் மாதிரி விளையாட்டுப் பொம்மையாகவே தெரியும். நானும் என் இரண்டாவது மிராஜில் கோடுகளுக்கு நிறம் கொடுத்தேன். ஆனால் கறுப்பு இல்லை. வெள்ளியைவிடச் சற்றே அடர்ந்த சாம்பல். சில பலகைகளை ஒட்டுத்தாளால் மறைத்து, மற்றவற்றை ஒரு சாயல் மாற்றினேன். ஓவியருக்கு மிகைப்படுத்தும் உரிமை உண்டு. ஆனால் எதை மிகைப்படுத்துகிறோம் என்று அறிந்து செய்ய வேண்டாமா?

உடன் பணிபுரியும் ஆசிரியை ஒருவர் வேறொரு கேள்வி கேட்டார்: "பிள்ளைகளிடம் கொல்லும் கருவியைக் கொடுத்து அழகு பார்க்கச் சொல்லலாமா, ஐயா?" இது தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று. ஆஸ்திரேலியாவின் மிராஜ்கள் எந்தப் போரிலும் சுடவில்லை என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அவை சுடுவதற்காகவே செய்யப்பட்டவை. ஆகவே இறக்கைக்கு அடியில் ஏவுகணையை ஒட்டும் நாளில், அது எதற்கானது என்பதை மறைக்காமல் மாணவர்களிடம் சொல்கிறேன். ஒரு மாணவி ஏவுகணை இல்லாமலேயே தன் விமானத்தை முடித்தாள். நான் மதிப்பெண் குறைக்கவில்லை.

நம் வகுப்பறையில்

இப்போது நம் வகுப்பறைக்கு வருவோம்.

தமிழில் 'மாதிரி' என்ற ஒரே சொல்லால் சிற்றுருவத்தையும் சொல்கிறோம், பார்த்து எழுதும் கட்டுரையையும் சொல்கிறோம். யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. ஆனால் மாதிரிக் கட்டுரைகளை மனனம் செய்யும் பழக்கம் நீங்கிவிட்டதா? மாலை ஐந்து மணிக்கு நடந்த விபத்தைப் பற்றி எழுதச் சொன்னால்கூட, நம் மாணவர்களின் கட்டுரையில் சேவல் கூவுகிறது. கதிரவன் பொற்கதிர்களைப் பரப்புகிறான். எந்த மாணவனின் வீட்டருகே சேவல் இருக்கிறது? அடுக்குமாடி வீட்டில் பதினோராம் மாடியில் இருப்பவன் எழுதுகிறான், 'சேவல் கூவியது' என்று. அவன் காதில் விழுந்ததோ ஹார்னெட்டின் ஓசை.

என் மாணவன் விமானத்தைப் பார்க்காமல், விமானத்தின் மாதிரியைப் பார்த்துத் துரு பூசினான். அதே மாணவன் காலைப் பொழுதைப் பார்க்காமல், மாதிரிக் கட்டுரையைப் பார்த்துச் சேவலை எழுதுகிறான். இரண்டும் ஒரே பிழை. இரண்டையும் அவனுக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் பெரியவர்களாகிய நாம்தாம். துரு பூசியவனை "அழகாக இருக்கிறது" என்று பாராட்டுகிறோம். சேவலை எழுதியவனுக்கு அதிக மதிப்பெண் போடுகிறோம். நானும் போட்டிருக்கிறேன்.

மாதிரிக் கட்டுரையே வேண்டாம் என்பதா? இல்லை. வல்லுநர் எப்படிக் கோடு தீட்டுகிறார் என்று பார்த்தால்தான் கைத்திறன் வரும். வாக்கியம் எப்படி அமைகிறது என்று படித்தால்தான் மொழி வரும். ஆனால் எப்படிச் செய்வது என்பதை மாதிரியிடம் கற்கலாம். எதைச் செய்வது என்பதைப் பொருளிடமே கேட்க வேண்டும்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு சிறு பரிந்துரை. அடுத்த கட்டுரைக்கு முன் மாணவர்களைப் பத்து நிமிடம் வெளியே அழைத்துச் செல்லுங்கள். பள்ளி வாசலோ, சிற்றுண்டிச்சாலையோ, வாகன நிறுத்துமிடமோ போதும். கண்ட மூன்றையும் கேட்ட இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். அவற்றில் ஒன்றாவது கட்டுரையில் இடம்பெற வேண்டும் என்பது மட்டுமே விதி. நான் இரண்டு தவணையாகச் செய்து வருகிறேன். சேவல்கள் குறைந்திருக்கின்றன.

அந்த மாணவனிடம் நான் விமானத்தை மாற்றச் சொல்லவில்லை. வான்படை விமானங்களின் புகைப்படங்கள் சிலவற்றைக் கொடுத்து, "இவற்றைப் பார்த்துவிட்டு, உனக்கு எது சரியோ அதைச் செய்" என்றேன். போன வாரம் திரும்பக் கொண்டு வந்தான். பழுப்பு வண்ணம் முழுவதையும் எடுத்துவிட்டு, நம் ஹார்னெட்டுகளின் கரும்சாம்பலை மீண்டும் பூசியிருந்தான். கோடுகள் இன்னும் சற்றுத் தடிப்புதான். ஓர் இறக்கையின் அடிப்பகுதியில் மட்டும் மெல்லிய மங்கல்.

"இது என்ன தம்பி?" என்றேன்.

"அங்கதான் ஐயா வேலை செய்யுறவங்க ஏறி நிப்பாங்க. படத்துல பார்த்தேன்" என்றான்.

அந்த விமானம் இப்போது எங்கள் பள்ளி நூலகத்தில், கண்ணாடிப் பேழைக்குள், என் அப்பாவின் மிராஜுக்குப் பக்கத்தில் இருக்கிறது.